உத்தரவு கையில், சாவி வாடகைதாரர் கையில்: சொத்துத் தகராறுக்கு நடுவே காலி செய்ய வைப்பது எப்படி?

கேள்வி: 4 ஜனவரி 2025

அப்பா வாடகைக்கு விட்ட கடை. வாடகைதாரர் மீது முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டு, காலி செய்யச் சொல்லித் தீர்ப்பும் வாங்கிவிட்டேன். அவர் இதுவரை அப்பீல் போடவில்லை. இப்போது பெரியப்பா மகன், அது தாத்தா சொத்து, எனக்கும் பாதி என்று பாகப்பிரிவினை கேஸ் போட்டிருக்கிறார். வாடகைதாரரோ, "நீங்கள் இரண்டு பேரும் முதலில் தீர்த்துக்கொண்டு வாருங்கள், யார் சொந்தக்காரர் என்று தெரிந்ததும் அவரிடம் சாவி தருகிறேன்" என்கிறார். கேட்பவர்கள் எல்லோரும் அவர் பேச்சு நியாயம் என்கிறார்கள். தீர்ப்பை நிறைவேற்ற முடியுமா, முடியாதா?

4 ஜனவரி 2025, இரவு

முடியும். அவர் சொல்வது காதுக்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யாரிடம் சாவி வாங்கிக் குடிவந்தாரோ அவர் தரப்பிடம்தான் திருப்பித் தர வேண்டும். உள்ளே உட்கார்ந்துகொண்டு, சாவி கொடுத்தவர் நிஜமான சொந்தக்காரரா என்று தோண்டுவதற்கு வாடகைதாரருக்கு உரிமை இல்லை. 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தில் இது 116ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 122. எண் மாறியது, சரக்கு அதேதான்.

அப்பீல் இல்லை, தடையாணையும் இல்லை என்றால் தீர்ப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பாகப்பிரிவினை கேஸ் கோர்ட்டில் பதிவாகிவிட்டது என்பதற்காக மட்டும், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு (ஈ.பி.) தடைபடாது. ஈ.பி. போடுங்கள். பங்காளியால் ஒன்றும் செய்ய முடியாது.

5 ஜனவரி

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடுங்கள். "ஒன்றும் செய்ய முடியாது" என்றுதான் நானும் 2018இல் நினைத்தேன். எங்கள் சித்தப்பா செய்து காட்டினார். வேலை இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

11 ஜனவரி

சரி, கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ரோட்டோரம் ஒரு கடை, பின்னால் ஒரு அறை. முன்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் எங்கள் அப்பா காலத்திலேயே வந்தவர். வாடகைச் சீட்டு முழுக்க அப்பா கையெழுத்து. அப்பா போன பிறகு என் பெயரில் சீட்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். 2012இல் எனக்குக் கடை தேவைப்பட்டது. கிராம ஊராட்சி எல்லை என்பதால் 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கே எட்டவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவில் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து, முன்சீப் கோர்ட்டில் வழக்கு. 2016இல் தீர்ப்பு, 2018இல் அவருடைய அப்பீல் தள்ளுபடி. அதே நவம்பரில் ஈ.பி. போட்டேன். அந்த அப்பீல் நடக்கும்போதுதான் சித்தப்பா, கடை தாத்தா பணத்தில் கட்டியது, பாதி எனக்கு என்று தனியாகப் பாகக் கேஸ் போட்டார்.

2019 ஜனவரியில், கோர்ட் உத்தரவை நேரில் வந்து நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்தார். அவர் வருவதற்கான பேட்டா கட்டியாகிவிட்டது, பூட்டு உடைக்கத் தனி மனு போட்டு உத்தரவு வாங்கியாகிவிட்டது, பூட்டுக்காரரும் நிற்கிறார். அமீனா வாரண்டை விரித்து, சொத்து விவரம் எழுதிய ஷெட்யூலைப் படித்தார். தலையைத் தூக்கி நிலைப்படியைப் பார்த்தார். ஷெட்யூலில் கதவு எண் 14. நிலைப்படியில் நீலத் தகட்டில் 31. ஊராட்சி எப்போதோ எண் மாற்றியிருக்கிறது. நானும் வக்கீலும் 2012இல் பழைய வரி ரசீதைப் பார்த்தே எழுதியிருக்கிறோம். நான்கெல்லையில் வடக்கே "காலி மனை" என்று இருந்தது. அங்கே இரண்டு மாடி எழும்பி நிற்கிறது.

"சார், இது அந்தக் கடை இல்லைங்களே" என்றார் அமீனா. அதே கடைதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வாடகைதாரருக்கும் தெரியும். வாரண்ட் திரும்பிப் போய்விட்டது. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 152இல் பிழை திருத்த மனு போட்டு, தீர்ப்பாணையைத் திருத்தி, ஈ.பி.யையும் திருத்தி, மறுபடி வாரண்ட் வாங்க ஏழு மாதம்.

சொத்து யாருடையது என்ற சண்டையைவிட, சொத்து எது என்ற சண்டை எனக்கு அதிக நாள் தின்றது. கேட்டவர் இன்றைக்கே தீர்ப்பாணையை எடுத்து, கடைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாக வைத்துப் பாருங்கள்.

12 ஜனவரி

அந்த 14ஆம் எண் இப்போது தெருமுனைக் கோழிக்கடைக்கு. அமீனா விடாப்பிடியாக இருந்திருந்தால் எனக்குக் கோழிக்கடை கிடைத்திருக்கும்.

19 ஜனவரி

இரண்டாவது முறை, 2019 ஆகஸ்ட். இந்தமுறை எண்ணெல்லாம் சரி. முன்கடையில் பட்டறை மேஜை, அதன்மேல் பாதி சுற்றிய செம்புக் காயில். வாடகைதாரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். பின்னறைக்குப் போனால் புதுப் பூட்டு, கடையில் வாங்கிய பளபளப்புகூடப் போகவில்லை. சித்தப்பா பக்கத்துத் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "இது என் பூட்டு. பின்னறை என் சுவாதீனத்தில் இருக்கிறது. நான் உங்கள் கேஸில் பார்ட்டியே இல்லை."

அமீனா எழுதிக்கொண்டார்: மூன்றாம் நபர் தடங்கல் செய்கிறார், சுவாதீனம் ஒப்படைக்க இயலவில்லை. வாரண்ட் மறுபடி திரும்பியது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே போலீஸோடு உள்ளே போய்விடலாம் என்றேன். வக்கீல் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் உட்கார வைத்தார்.

தீர்ப்பு வாடகைதாரரைக் கட்டுப்படுத்தும். அவர் மூலமாக உள்ளே வந்த உள்வாடகைக்காரரையும் பொதுவாகக் கட்டுப்படுத்தும். தனக்கென்று சொந்த உரிமை சொல்லி நிற்பவரை அப்படியே தள்ளிவிட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21, ரூல் 97இல் தடங்கலை அகற்ற மனு போட வேண்டும். வெளியேற்றும் முன்பே அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் பிரம்மதேவ் சவுத்ரி வழக்கில் சொல்லிவிட்டது. முதலில் வெளியே போ, பிறகு வந்து பேசு என்று சொல்ல முடியாது. என் முதல் குறிப்பின் கடைசி வரி தப்பு என்று சொன்னது இதனால்தான்.

மனுப் போட 30 நாள்தான் கெடு. தீர்ப்பு தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

20 ஜனவரி

தூக்கக் கலக்கம். 30 நாளை எண்ண வேண்டியது தடங்கல் நடந்த நாளிலிருந்து. காலவரையறைச் சட்டம், 129ஆம் இனம். தீர்ப்பை நிறைவேற்ற மொத்தக் கெடு 12 வருடம், அது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன். இன்னொன்று: தீர்ப்பாகி இரண்டு வருடம் தாண்டி ஈ.பி. போட்டால் எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பு போக வேண்டும். அதற்குள் போட்டுவிடுங்கள்.

நான் 27ஆம் நாள் போட்டேன். அந்த மூன்று நாள் இடைவெளியை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

2 பிப்ரவரி

ரூல் 97 மனுவில் என்ன நடக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். பாதிச் சிவில் வழக்கே நடக்கும். ரூல் 101 படி, மனுவை முடிவு செய்யத் தேவையான எல்லாக் கேள்வியையும், பாத்தியம் (யாருக்கு உரிமை என்பது) உட்பட, நிறைவேற்று நீதிமன்றமே தீர்க்க வேண்டும். தனி வழக்குப் போடு என்று அனுப்பக் கூடாது. 1976இல் வந்த திருத்தம். "தேவையான" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மறிக்கிறவர் பாகக் கேஸில் கேட்பதையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்ட முடியாது.

எங்கள் வழக்கில் நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பின்னறையில் சித்தப்பா எப்போதிலிருந்து இருக்கிறார்? மின் இணைப்பு ஒன்றுதான், மீட்டர் முன்கடையில். வாடகைதாரரே பழைய வழக்கின் சாட்சியத்தில் பின்னறையில் தன் ஸ்கிராப் கிடக்கிறது என்று சொல்லியிருந்தார். புதுப் பூட்டுக்கு வயது இரண்டு வாரம் என்பது குறுக்கு விசாரணையில் வந்துவிட்டது. பங்கு உண்டா இல்லையா என்பதைப் பாகக் கேஸில் பார்த்துக்கொள்ளலாம், வாடகைதாரர் சுவாதீனத்தை ஒப்படைப்பதை மறித்துக்கொண்டு நிற்க அது காரணம் ஆகாது என்று 2022 பிப்ரவரியில் உத்தரவு. நடுவில் கொரோனா. கோர்ட்டே பூட்டிக் கிடந்த மாதங்களை யார் கணக்கில் எழுதுவது?

ரூல் 97 உத்தரவு தீர்ப்பாணை மாதிரியே மதிக்கப்படும், அதற்கு அப்பீல் உண்டு. சித்தப்பா அப்பீல் போனார். தடை கிடைக்கவில்லை. உத்தரவுக்குப் பிறகும் மறித்தால் 30 நாள் வரை சிவில் சிறையில் வைக்க ரூல் 98இல் இடம் உண்டு. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியபோது அம்மா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதை நாங்கள் கேட்கவில்லை.

2022 ஜூனில் சாவி வந்தது. ஈ.பி. போட்டு மூன்று வருடம் ஏழு மாதம்.

3 பிப்ரவரி

அடையாள சுவாதீனம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டவருக்கு: அது ரூல் 36. உள்ளே இருக்கிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்படாத, இருக்க உரிமையுள்ள ஆளாக இருந்தால், வாரண்ட் நகலை ஒட்டி, தண்டோரா போட்டு, காகிதத்தில் ஒப்படைப்பார்கள். நமக்கு வேண்டியது ரூல் 35, ஆளை எழுப்பிச் சாவி வாங்குவது. உங்கள் ஈ.பி.யில் எந்த ரூல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குமாஸ்தா பழைய மனுவைப் பார்த்து அடித்துவிடுவார்.

9 பிப்ரவரி

வாடகைதாரரை நான் வில்லன் ஆக்கிவிட்டேன் போலிருக்கிறது. திரும்பப் படித்தேன், உறுத்துகிறது.

சித்தப்பா கேஸ் போட்டதும் அவருக்கு இரண்டு பக்கமிருந்தும் வக்கீல் நோட்டீஸ். சித்தப்பாவிடம் கட்டினால் உன்னை விடமாட்டேன் என்று நான், என்னிடம் கட்டினால் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பா. பயந்துபோய் எட்டு மாதம் பாதிப் பாதியாகக் கொடுத்திருக்கிறார். எனக்குப் பாதி வந்ததை நான் பாக்கி என்று எழுதிவைத்தேன். கடையை ஒப்படைத்த டெலிவரி அன்று வாடகைதாரர் என்னிடம் சொன்னது: "தம்பி, உங்க அப்பா இருந்தா நானே சாவியை வீட்டுல கொண்டுவந்து கொடுத்திருப்பேன்." அது முழு உண்மை என்று சொல்ல மாட்டேன். முழுப் பொய்யும் இல்லை.

இரண்டு பேரும் கேட்கிறார்கள், யாருக்குக் கொடுப்பது என்று கோர்ட்டே சொல்லட்டும் என வாடகைதாரர் வழக்குப் போடலாமே என்று நினைப்போம். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 35 அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. வாடகைக்கு விட்டவர் மூலமாக உரிமை சொல்கிறவர்களைப் பற்றியென்றால் போடலாம். அதற்கு வெளியே நிற்கும் மூன்றாம் ஆளைக் கொண்டுவந்து வீட்டுக்காரரோடு மோதவிட முடியாது. கேட்டவரின் வாடகைதாரர் நிஜமாகவே பயந்திருக்கிறாரா, நாள் கடத்துகிறாரா? வாடகையைக் கோர்ட்டில் கட்டத் தயாரா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

1 மார்ச்

கரண்ட்டைக் கட் பண்ணிவிடுங்கள், தானாகப் போய்விடுவார் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாம். தீர்ப்பு கையில் இருக்கிறது என்பதால் நீங்களே அமீனா ஆகிவிட முடியாது. கோர்ட் வழியாக அல்லாமல் ஆளை வெளியே தள்ளினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற பேச்சே எடுபடாது. ஜெயித்த கேஸைத் தோற்பதற்கு இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

15 மார்ச்

6 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பெரியம்மாள் வழக்கில் கொடுத்த தீர்ப்பைப் படித்தீர்களா? தமிழ்நாட்டு வழக்கு. தீர்ப்பு வாங்கியவரைச் சொத்துக்குள் விடாமல், நாங்கள் குத்தகைக்காரர்கள் என்று சொல்லி மறித்தார்கள். நிலுவையில் கிடக்கும் நிறைவேற்று மனுக்களின் கணக்கை எடுத்து, ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவு. ஆறு மாதக் கெடுவை 2021இல் ராகுல் ஷா வழக்கிலேயே சொன்னார்கள். அப்போது என் ஈ.பி.க்கு வயது இரண்டரை. வக்கீலிடம் தீர்ப்பு நகலை நீட்டினேன். "சார், இது வருங்காலத்துக்கு" என்றார்.

இருந்தாலும் ஒரு மெமோவோடு அந்தத் தீர்ப்பைத் தாக்கல் செய்யுங்கள். வாய்தா இடைவெளி கொஞ்சமாவது சுருங்கும்.

27 ஏப்ரல்

கேட்டவர் புதுச் செய்தி கொண்டுவந்திருக்கிறார்: வாடகைதாரர், பெரியப்பா மகனிடமிருந்து "பிரிபடாத பாதிப் பாகம்" கிரயம் வாங்கிவிட்டாராம். நான் இனி வாடகைதாரர் இல்லை, பங்குதாரர் என்கிறாராம். கெட்டிக்காரர்தான்.

பாதியை வாங்கினால் வாடகை உறவு செத்துவிடாது. வாடகை உரிமையும் சொந்த உரிமையும் முழுச் சொத்திலும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால்தான் ஒன்றில் ஒன்று கரையும். ஒரு பங்காளியின் பாகத்தை மட்டும் வாங்கிய வாடகைதாரர் வாடகைதாரராகவே தொடர்கிறார் என்று 2005இல் பிரமோத் குமார் ஜெய்ஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாகக் கேஸ் நடக்கும்போது வாங்கியதால் அந்தக் கேஸின் முடிவுக்கும் அவர் கட்டுப்படுவார், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவு. ரூல் 102ஐ இங்கே இழுக்காதீர்கள். அது தோற்றவரிடமிருந்து வாங்கிய ஆளுக்கு. இவர் தோற்ற ஆளே.

வில்லங்கச் சான்று போட்டு அந்தக் கிரயத்தின் தேதியைப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிந்திய தேதி என்றால், மனுவில் முதல் பத்தியிலேயே அதை எழுதச் சொல்லுங்கள்.

28 ஏப்ரல்

ஒரு பங்காளி மட்டும் தனியாகக் காலி செய்யக் கேட்கலாமா என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். கேட்கலாம். ஸ்ரீராம் பஸ்ரிச்சா வழக்கு, 1976. மற்றவர் மறுத்தும் மீறித்தான் வழக்குப் போட்டார் என்று காட்டாதவரை, அவருக்கும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பெரியப்பா மகன் வழக்கு நடந்த காலத்தில் எழுத்தில் ஆட்சேபம் ஏதாவது அனுப்பினாரா? இல்லையென்றால் நல்லது. அனுப்பியிருந்தால் இப்போதே வக்கீலிடம் சொல்லுங்கள். நான் மறைத்துவைத்த ஒரு போஸ்ட் கார்டு மூன்றாவது வருடம் வெளியே வந்தது.

8 ஜூன்

போஸ்ட் கார்டு என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2013இல் சித்தப்பா எழுதியது. "கடையைப் பற்றி என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதே" என்று ஒரு வரி. வழக்குப் போட்டு ஒரு வருடம் கழித்து வந்தது என்பதால் தப்பித்தேன். அதற்கு அன்றைக்கே ஒரு பதில் எழுதியிருந்தால், பாதிக் கேஸ் இருந்திருக்காதோ என்று தோன்றும். நான் அதைப் பழைய நோட்டுக்குள் சொருகிவைத்தேன்.

சட்டத்துக்கு வருவோம். வாடகைதாரர் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இப்போது அப்பீல் போடக்கூடும். என்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று அப்பீல் கோர்ட்டில் கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள்தான் உயிர், மறக்காமல் புதுப்பியுங்கள். அப்பீல் போட்டதாலேயே தடை ஆகிவிடாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தடை கொடுப்பதென்றால் சந்தை வாடகை அளவுக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லலாம் என்று 2004இல் ஆத்மா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இருக்கிறது. அந்த நிபந்தனை விழுந்தாலே பலருக்கு அப்பீல் ஆசை போய்விடும்.

17 ஆகஸ்ட்

டெலிவரி தேதி குறித்தாகிவிட்டதாம். எனக்கும் சேர்த்துப் படபடப்பு.

போலீஸ் பாதுகாப்புக்குத் தனி மனு, பூட்டு உடைக்கத் தனி மனு. இரண்டிலும் உத்தரவு நகல் முந்தின நாளே கையில் இருக்க வேண்டும். சரக்குப் பட்டியல் எழுத ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. பெட்டி பெட்டியாகப் பேரிங், எடை போடாத செம்புக் கம்பி, ஓடாத பதினொரு மோட்டார். "இது ரிப்பேருக்கு வந்தது, இது என்னுடையது" என்று அவர் பிரித்துச் சொல்லச் சொல்ல அமீனா எழுதினார். விட்டுப்போன ஒரு ஸ்பேனருக்குப் பின்னால் திருட்டுப் புகார் வரும், அதனால் அலுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா அறைக்கும் உங்கள் பூட்டு. சாவி வாங்கியதும் அட்வான்ஸ் கணக்கைத் தீர்த்து ரசீது வாங்குங்கள்.

இன்னொன்று, சந்தோஷத்தில் மறந்துவிடும்: தீர்ப்பு பின்னால் மாறினால் சிவில் நடைமுறைச் சட்டம் 144ஆம் பிரிவில் சுவாதீனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். சுவரை இடித்துக் கட்டும் வேலையை உடனே ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கையில் வருவது பாகத்துக்கு உட்பட்ட சுவாதீனம். பெரியப்பா மகனுக்குப் பாதி என்று தீர்ப்பானால் அந்தப் பாதிக்குக் கணக்குக் காட்டவேண்டியவர் நீங்கள்தான்.

23 ஆகஸ்ட்

சாவி வந்துவிட்டதாம். தடங்கல் இல்லை. பெரியப்பா மகன் வந்து எதிர்ப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். கதவு எண் பொருந்தியதா என்று கேட்டேன். பொருந்தியது, ஆனால் அமீனா நான்கெல்லையை இரண்டு முறை படித்தாராம்.

9 நவம்பர்

என் கடையில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தேவை என்று வாங்கிய கடை. வாங்கி முடிப்பதற்குள் அந்தத் தொழிலையே விட்டுவிட்டேன். வாடகைக்கு விடலாம் என்றால் வருகிறவர் எல்லோரும் பாகக் கேஸ் முடிந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காயில் கட்டுகிறவர் நாலு கடை தள்ளி வாடகைக்கு இருக்கிறார். போன மாதம் என் மோட்டாரை அவரிடம்தான் கொடுத்தேன். கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார்.